மூக்கடலை ஊறிய இரவுகள்

மூக்கடலையை ராத்திரி ஊறப்போட்டுவிட்டு விடியற்காலையில் மூடியைத் திறந்தால் ஒரு பச்சை வாசனை எழும். வெந்த கடலைக்கு அந்த வாசனை கிடையாது. சுண்டலுக்குத் தாளிக்கும்போது வருவதும் அது இல்லை. கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் பசும்புல்லுமாக அரை நிமிடம் மூக்கில் நின்றுவிட்டுப் போய்விடும். அந்தத் தண்ணீரை வடித்து முருங்கை மரத்தடியில் கொட்டும்போதெல்லாம் அண்ணன் குவைத்திலிருந்து திரும்பி வந்த வருஷம் எனக்கு நினைவுக்கு வருகிறது. பெட்டி, பணம், கைக்கடிகாரம் எல்லாம் போய்விட்டன. கால்சட்டைப் பையில் ஒரு பித்தளை அச்சு மட்டும் தங்கியிருந்தது.

அந்த அச்சின் கதைக்கு முன்னால் அப்பா வாங்கி வரும் மசால் வடையைச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில்லில் வேலை. 1898-ல் தொடங்கிய ஆலை. ஒரு காலத்தில் புதுச்சேரி நீலத்துணி ஆப்பிரிக்கா வரைக்கும் கப்பலேறியது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். மில் சங்கு ஊதினால் தேங்காய்த்திட்டில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட். அந்த எட்டு மணி நேரமும் சும்மா கிடைத்ததில்லை, 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில் போராட்டத்தில் 12 தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்த பிறகு கிடைத்தது என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஷிஃப்ட் விட்டதும் கடலூர் சாலை முழுக்க சைக்கிள்களாக இருக்கும். மரப்பாலம் வரைக்கும் டீக்கடைகளில் வடைச்சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். அப்பா வீட்டுக்கு வரும்போது செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்று சைக்கிள் ஹேண்டில் பாரில் தொங்கும். காகிதம் எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகியிருக்கும். மறுபக்கத்துச் செய்தியை அதன் வழியாகவே படிக்கலாம்.

அம்மாவுக்கு அந்தப் பொட்டலம் பிடிக்காது. "அந்த எண்ணெய எப்ப ஊத்துனானோ, அவனுக்கே தெரியாது" என்பார். சட்டியில் இருக்கிற எண்ணெய் கறுத்துக் குழம்பானாலும் மேலே புது எண்ணெய் ஊற்றி ஊற்றி ஓட்டுவதுதான் அப்போது எல்லாக் கடையிலும் வழக்கம். அம்மா சொன்னதற்கு ஆய்வுக்கூடத்து ஆதாரம் வெகுகாலம் கழித்து வந்தது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. அம்மா நிறத்தையும் நுரையையும் பார்த்தே சொல்லிவிடுவார்.

எங்கள் வீட்டில் வடை ஞாயிற்றுக்கிழமைதான். கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடியை முழுசாகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை அம்மியில் வைத்து ஒன்றிரண்டாக ஓட்டுவார். காய்ந்த மிளகாய், சோம்பு, பூண்டு முதலில் நசுங்க வேண்டும், பருப்பு பிறகு. தண்ணீர் ஒரு சொட்டு விட மாட்டார். குழவியை இழுத்த இழுப்பில் வழிந்து வரும் பருப்பின் சொந்த ஈரமே போதும் என்பது அவர் கணக்கு. நான் அம்மிக்கு எதிரே உட்கார்ந்து, ஓரத்தில் ஒதுங்குவதை விரலால் தள்ளித் தள்ளி நடுவில் சேர்ப்பேன். அரைபட்டது சரியாக இருக்கிறதா என்று அம்மா கண்ணால் பார்த்ததே இல்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே உருட்டுவார். ரவை மாதிரி நெருடினால் சரி. வழவழத்தால் வடை எண்ணெயைக் குடித்துவிடும். இந்த ஒரு பாடம் பிற்பாடு எனக்கு எவ்வளவு உதவியது என்பதை அவரிடம் சொல்லும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

தேங்காய்த்திட்டு அப்போது ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். அரியாங்குப்பத்து ஆறு கடலில் கலக்கும் இடம் பக்கத்தில். அலையாத்திச் செடிகள், சேறு, சேற்றில் நண்டு, கரை நெடுகத் தென்னை. இன்று மீன்பிடித் துறைமுகம் வந்து, விசைப்படகுகள் வரிசை கட்டி நின்று, ஐஸ் வண்டியும் மீன் லாரியுமாக இடம் அடையாளம் தெரியவில்லை. முகத்துவாரம் தூர்ந்துபோய்ப் படகு தட்டுகிறது என்ற பேச்சு மட்டும் வருஷா வருஷம் ஓயாமல் நடக்கிறது. தென்னைகளில் கணிசமானவற்றை 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் சாய்த்துவிட்டது. நூறடிச் சாலையும் கடலூர் சாலையும் சேரும் மரப்பாலம் சிக்னலில் நின்றால், அந்த நெரிசலுக்குப் பின்னால் ஒரு ஆறு ஓடுகிறது என்று புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு வெளிநாடு எப்போதுமே பக்கத்து வீடு. எங்கள் தெருவிலேயே ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பென்ஷன் வாங்கி வரும் நாளில் தெருப்பிள்ளைகளுக்கு மிட்டாய் நிச்சயம். ஒருமுறை அவர் வீட்டுக்கு ரெயூனியன் தீவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலிருந்து கப்பலேறியவர்கள். 1848-ல் அடிமை முறையை ஒழித்த பிறகு பிரெஞ்சுக்காரர்களுக்குக் கூலியாள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அந்த அம்மாளுக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூட வராது. முகம் மட்டும் எங்கள் பெரியம்மா முகம். அம்மா தட்டில் மசால் வடை வைத்துக் கொடுத்தார். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டதும் அவர் சத்தமாக, "போன்போன் பிமான்!" என்றார். சொல்தா தாத்தா மொழிபெயர்த்தார். அவர்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இது விற்குமாம். காலையில் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்களாம். பருப்பு மட்டும் வேறு. அங்கே விளைகிற பெரிய வெள்ளை அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலை உரித்து, அரைத்து, மிளகாயும் இஞ்சியும் வெங்காயத்தாளும் சேர்த்து உருட்டிப் பொரிப்பார்களாம்.

கப்பலில் போனவர்களால் அம்மியைத் தூக்கிக்கொண்டு போக முடிந்திருக்காது. கடலைப்பருப்பு போன இடத்தில் கிடைத்திருக்காது. ஆனால் ஊறவைத்த பயறை வேகவைக்காமல் அரைத்தால் எண்ணெயில் பிடித்து நிற்கும் என்ற ஒரு அறிவு போயிருக்கிறது. அன்றைக்கு நான் சின்னப் பெண். இதையெல்லாம் யோசிக்கவில்லை. அந்த அம்மாளும் எங்கள் அம்மாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அடுப்படியில் உட்கார்ந்து மிச்ச மாவைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்ததுதான் நினைவில் இருக்கிறது.

அண்ணன் குவைத்துக்குப் போனது நான் பள்ளி முடித்த சமயம். ஒரு கம்பெனியின் தொழிலாளர் விடுதிச் சமையலறையில் வேலை. அங்கே பெரிய சமையல்காரர் எகிப்துக்காரர். மிஸ்ரிக் கிழவர் என்றுதான் அண்ணன் கடிதத்தில் எழுதும். விடியற்காலை நாலு மணிக்குக் கிழவர் எழுந்து ஃபலாஃபெல் போடுவார். அவர் அதைத் தாமியா என்பார். ஃபலாஃபெல் என்ற ஒன்றை நாங்கள் முதலில் அறிந்தது அந்த நீல நிற விமானத் தபால் தாளில்தான். "நம்ம மசால் வடை மாதிரியே இருக்கு, உள்ளே மட்டும் பச்சையா இருக்கு" என்று எழுதியிருந்தது. அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு, பச்சையாக இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம், பிள்ளைக்கு வயிறு கெட்டுவிடும் என்று கவலைப்பட்டார்.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் கடிதம் இல்லை, தந்தி இல்லை. அம்மா மணக்குள விநாயகருக்கும் மாதா கோயிலுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டார். வானொலிச் செய்தி நேரத்தில் தெரு முழுக்க எங்கள் வீட்டில் இருக்கும். அண்ணன் பஸ்ஸில் பஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்து, பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, அம்மான் நகரத்திலிருந்து ஏர் இந்தியா விமானம் பிடித்து பம்பாய் வந்து சேர்ந்தது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த வழியாகத்தான் நாடு திரும்பினார்கள். உலக வரலாற்றிலேயே பெரிய விமான மீட்புகளில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

கூடாரத்தில் கிடந்த நாட்களைப் பற்றி அண்ணன் அதிகம் பேசாது. தண்ணீர் வரிசை, பகல் வெயில், ராத்திரிக் குளிர் என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லும். ஜோர்டான்காரர் யாரோ ஒரு சின்ன லாரியில் வந்து குபூஸ் ரொட்டிக்குள் ஃபலாஃபெல் வைத்து, எள் குழம்பு ஊற்றி, ஆளுக்கு ஒன்று கொடுத்தாராம். பெயர் கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கொடுத்தார் என்று சொல்லும்போது அண்ணன் குரல் மாறிவிடும். கிழவர் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்ததாம். எகிப்தில் ஃபேவா என்கிற பெரிய அவரைக்கொட்டையில் செய்கிறார்கள். ஜோர்டான், சிரியா, லெபனான், பாலஸ்தீனப் பக்கம் வெள்ளைக் கொண்டைக்கடலையில் செய்கிறார்கள். அண்ணன் குவைத்தைவிட்டுக் கிளம்பும்போது கிழவர் அதன் கையில் திணித்ததுதான் அந்தப் பித்தளை அச்சு.

உள்ளங்கையில் அடங்குகிற சாமான் அது. ஆழமில்லாத ஒரு கிண்ணம். அதன் அடித்தட்டு மேலும் கீழும் நகரும். பிடியில் கட்டை விரல் வைக்க ஒரு நெம்பு. நெம்பை அழுத்தினால் தட்டு இறங்கிக் குழி விழும். மாவை அப்பி, கரண்டியால் கூம்பாக வழித்துவிட்டு, நெம்பை விட்டால் வட்டமாக வில்லை எழும்பி வந்து எண்ணெயில் நழுவும். தெருப் பெண்கள் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். முறுக்கு அச்சு பார்த்த கைகளுக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை.

அண்ணன் வந்த வாரமே அதைச் செய்து காட்டியது. அப்பா பெரிய மார்க்கெட்டில் வெள்ளைக் கொண்டைக்கடலை வாங்கி வந்தார். காலையில் அம்மா, ஊறிய கடலையைக் குக்கரில் போடப் போனார். "வேகவைக்காதம்மா, வெந்தா உதிர்ந்து போயிடும்" என்று அண்ணன் தடுத்தது. பருப்புக்கு அது சரி, இத்தனை பெரிய முழுக்கடலையைப் பச்சையாக அரைத்துப் பொரித்தால் எப்படி வேகும் என்று அம்மாவுக்குச் சந்தேகம். அம்மியில் அது லேசில் மசியவும் இல்லை. குழவிக்கு அடியிலிருந்து துள்ளித் துள்ளி ஓடியது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். கொத்தமல்லி ஒரு கட்டு, புதினா, வெங்காயத்தாள், பூண்டு, வறுத்த சீரகம், தனியா. கீரை அளவுக்குப் பச்சை இலையைப் போடுகிறானே என்று அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் வில்லை வெந்து வந்ததும் பிட்டுப் பார்த்தார். மேலே காப்பிக்கொட்டை நிறம், உள்ளே இளம்பச்சை, ஆவி பறக்கிறது. தின்றுவிட்டு, "சோம்பு போட்டிருக்கணும்" என்றார். அடுத்த தரத்துக்குச் சோம்பு போட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃபலாஃபெலில் சோம்பு உண்டு. எகிப்துக்காரரோ லெபனான்காரரோ ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

பிறகு வருஷங்கள் ஓடின. அப்பாவுக்குச் சர்க்கரை வந்து, கண்ணைத் தொட்டு, கடைசியில் காலையும் தொட்டுவிட்டுத்தான் அவரைக் கொண்டுபோனது. மில்லும் நொடித்து நொடித்து 2020-ல் அடியோடு மூடியது. இப்போது அந்தப் பக்கம் போனால் சங்கு ஊதாத சாயங்காலம் எனக்கு இன்னும் பழகவில்லை. அண்ணனுக்கும் அறுபதை நெருங்கும்போது சர்க்கரை, கூடவே கொழுப்பு. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த சோதனை இல்லை இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது, புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டிருந்தார்கள். கோவாவுக்கு அடுத்தபடி நாம்தான். நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்தால் ஒருவர் சர்க்கரை வேண்டாம் என்று சொல்கிற ஊர்.

மருத்துவர் அண்ணனிடம் எண்ணெயில் பொரித்ததைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். அண்ணி அதை அப்படியே நிறைவேற்றினார். வடை நின்றது, போண்டா நின்றது, ஃபலாஃபெலும் நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் டீ நேரத்தில் வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வருஷம் உழைத்த மனிதனுக்கு மிச்சம் இருக்கிற ஆசையில் அதுவும் ஒன்று. உடம்புக்கு ஆகாது என்று விலக்குவது எளிது. அதையே உடம்புக்கு ஆகிற மாதிரி செய்து கொடுக்க வீட்டில் ஒருத்தர் கை நனைய வேண்டும். அந்தக் கை என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

யோசித்துப் பார்த்தால், ஃபலாஃபெலில் கெடுதல் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான், எண்ணெய்ச்சட்டி. மற்றதெல்லாம் நல்லது. நூறு கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் புரதம் ஏறக்குறைய 19 கிராம், நார்ச்சத்தும் தாராளம். ரத்தத்தில் சர்க்கரையை அரிசிபோலச் சட்டென்று ஏற்றாது. பச்சை இலைகள், பூண்டு, சீரகம் இவற்றில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணையைப் பார்த்தால், வீட்டில் பொரித்த நூறு கிராம் ஃபலாஃபெலில் கொழுப்பு மட்டும் ஏறக்குறைய 18 கிராம், 333 கலோரி. கடலையில் இருக்கும் கொழுப்பு கொஞ்சம்தான். மீதி சட்டியில் குடித்தது.

சட்டியை விட்டால் எங்கே போவது? குழிப்பணியாரக் கல். வீட்டில் இருந்தது, இரும்புக்கல், வருஷக்கணக்கில் எண்ணெய் ஏறிப் பழகியது. குழி ஒவ்வொன்றுக்கும் கால் ஸ்பூன் செக்கு மணிலா எண்ணெய் விட்டு, எலுமிச்சம்பழ அளவில் உருண்டை வைத்து, மேலே லேசாக அமுக்கி, மூடி போட்டு, அடுப்பைக் குறைத்து வைத்தால் அஞ்சாறு நிமிடத்தில் அடிப்பக்கம் சிவந்துவிடும். கம்பியால் திருப்பிவிட்டு இன்னும் அவ்வளவு நேரம். மூடி முக்கியம். எண்ணெய்ச்சட்டியில் சுற்றிலும் சூடு இருக்கிறது. கல்லில் கீழே மட்டும்தான். மூடிக்குள் சுற்றும் ஆவிதான் நடுவில் இருக்கும் பச்சைக்கடலையை வேகவைக்கிறது. இருபது உருண்டைக்கு அஞ்சு ஸ்பூன் எண்ணெயே அதிகம்.

கல்லில் செய்வதற்கு மாவின் பக்குவம் சட்டியில் பொரிப்பதைவிடக் கறாராக இருக்க வேண்டும். கால் கிலோ கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் அரை கிலோவுக்கு வந்துவிடும். வடித்து, சுத்தமான வேட்டித்துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுவேன். மிக்சியில் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும்; ஒரேயடியாக ஓட்டினால் வழவழத்துப் போகும். அம்மா சொன்ன ரவைப் பக்குவம்தான் இங்கேயும். கடலையை வேகவைக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. வேகும்போது கடலையின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஏற்கெனவே உப்பிவிடும். அதற்கப்புறம் கல்லில் போட்டால் பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது. உதிராமல் இருக்க மைதாவைக் கொட்டுவார்கள். ஊறிய பச்சைக்கடலையில் மாவுச்சத்து சூடு படும்போதுதான் இளகிப் பிடித்துக்கொள்கிறது. மாவு கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு போதும். அரைத்ததை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் உருட்ட வரும். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, கடைசி நிமிடத்தில்.

இலை விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. கொத்தமல்லியும் புதினாவும் சேர்ந்து கடலையின் கால் பங்காவது இருக்கும். முருங்கை இலை இளசாகக் கிடைத்தால் அதிலும் ஒரு பிடி. வெள்ளைக் கடலைக்குப் பதிலாகத் தோலோடு இருக்கும் நம் கறுப்பு மூக்கடலையிலேயே இப்போது அதிகம் செய்கிறேன். நார் கூடுதல், மண்வாசனையும் கூடுதல். ஊறவைக்க இன்னும் சில மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் யாரும் முயலக் கூடாது. ராஜ்மாவை இந்த மாதிரி பச்சையாக அரைத்துப் போடக் கூடாது. அதில் இருக்கும் நச்சுப்புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும்; அரைவேக்காட்டில் வயிற்றைப் புரட்டிவிடும்.

அண்ணன் மகள் ஆலிவ் எண்ணெயில் செய்தால்தான் உடம்புக்கு நல்லது என்று ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். நல்ல எண்ணெய்தான். எங்கள் ஆற்றுக்கு அக்கரையில், சற்றுத் தள்ளி இருக்கிற அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு ஜாடிகள் கிடைத்தன. பிற்பாடு ஆராய்ந்தவர்கள், ஒயினோடு ஆலிவ் எண்ணெயும் அவற்றில் வந்திருக்கிறது என்று கண்டார்கள். ஆக, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் இறங்கிய சரக்கு அது. இருந்தாலும் அந்த விலைக்கு என் கை வரவில்லை. செக்கு நல்லெண்ணெயும் மணிலா எண்ணெயும் போதும், அளவுதான் முக்கியம் என்று சொல்லி, பாட்டிலைச் சாலட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

எள் குழம்பு இல்லாமல் ஃபலாஃபெல் முழுமையாகாது என்று அண்ணன் சொல்லும். தஹினி என்று கடையில் பாட்டிலில் விற்கிறார்கள். வெள்ளை எள்ளை மணம் வரும் வரைக்கும் வெறும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து, நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டு விழுதாக அரைத்தால் அதேதான். பூண்டு ஒரு பல், எலுமிச்சைச் சாறு, உப்பு, தண்ணீர். எலுமிச்சை விட்டதும் முதலில் இறுகும்; தண்ணீர் விட விட வெளுத்து இளகி வரும். அதில் பாதிக்குப் பாதி கெட்டித் தயிர் கலக்கிறேன். எள்ளின் கொழுப்பும் கொழுப்புதானே. வெள்ளரி, தக்காளி, முள்ளங்கி நறுக்கி, அதன் மேல் அஞ்சு உருண்டை, மேலே இந்தக் குழம்பு. மைதா ரொட்டிக்குள் சுற்றித் தின்றால் கடலையில் சம்பாதித்த நன்மையை ரொட்டியில் தொலைத்துவிடுவோம்.

முதல் நாள் தட்டை வைத்தபோது அண்ணன் ஒன்றைப் பிட்டு, உள்ளே பச்சையைப் பார்த்தது. சாப்பிட்டது. "மேல மொறுமொறுப்பு கம்மி பாப்பா" என்றது. உண்மை. எண்ணெய்ச்சட்டி தருகிற மொறுமொறுப்பு கல்லில் வராது. அதைக் குறை என்று மறைக்காமல் சொல்வதுதான் நியாயம். வறுத்த வெள்ளை எள்ளில் உருண்டையைப் புரட்டிக் கல்லில் வைத்தபோது மேல்தோல் ஓரளவு கெட்டிப்பட்டது. "இப்ப வருது" என்று இன்னொன்று எடுத்துக்கொண்டது. அண்ணிக்கு நிம்மதி. இப்போது மாசத்தில் இரண்டு மூன்று தரம் எங்கள் வீட்டில் கடலை ஊறுகிறது.

ஒயிட் டவுன் பக்கம் காப்பிக்கடைகளில், ஆரோவில் பக்கம் உணவகங்களில் எல்லாம் ஃபலாஃபெல் இப்போது சாதாரணப் பண்டம். பாரீஸில் இருக்கிற சொல்தா தாத்தாவின் பேத்தி, அங்கே ரோசியே தெருவில் ஃபலாஃபெலுக்கு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள் என்று சொன்னாள். லா ஷப்பேல் பக்கம் போனால் நம்மவர்கள் கடையில் மசால் வடையும் கிடைக்குமாம். ஒரே ஊரில் இரண்டும் பொரிகின்றன என்று கேட்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உறைய வைத்த பொட்டலங்களும் வந்துவிட்டன. பிரித்துச் சூடுபடுத்தினால் போதும் என்கிறார்கள். பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன்.

போன மார்கழியில் பெரிய மார்க்கெட்டில் பச்சை மொச்சை குவிந்திருந்தது. குழம்புக்குப் பிதுக்குப் பருப்பு எடுக்கலாம் என்று வாங்கி வந்து ஊறவைத்து, நானும் அண்ணியும் வாசலில் உட்கார்ந்து பிதுக்கினோம். விரல் நுனியில் அழுத்தினால் தோல் கையில் நிற்க, பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். எகிப்துக்காரர்கள் ஃபேவாவைத் தோல் நீக்கி அரைப்பது எனக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது. பாதியைக் குழம்புக்கு எடுத்துவிட்டு மீதியை வெங்காயத்தாளோடு அரைத்தோம். பச்சைப் பருப்பில் ஈரம் அதிகம். பொட்டுக்கடலை மாவு கூடுதலாகத் தேவைப்பட்டது. நடுவில் வேகாமல் நிற்கக் கூடாது என்று தட்டையாகத் தட்டி, இன்னும் நிதானமான தணலில் வைத்தோம். கடலையில் செய்ததைவிட மெத்தென்று, நல்ல பச்சையாக வந்தது. கிழவர் போட்டதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது, தாள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அண்ணன் கணக்குச் சொன்னது.

தெருமுனையில் சாயங்கால வடைக்கடை போடும் அக்காவுக்கு இதில் கொஞ்சம் கொடுத்தனுப்பினோம். மறுநாளே வந்து கேட்டுக்கொண்டு போனார். அவர் கடையில் வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள்; வாங்கவும் பயம், விடவும் மனமில்லை. இப்போது வடைச்சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பணியாரக் கல்லும் வைத்திருக்கிறார். மசால் வடை மாவையே அதில் உருட்டி வைத்துச் சுட்டுக் கொடுக்கிறார். சட்டி எண்ணெயையும் முன்னைவிடச் சீக்கிரம் மாற்றுகிறார். மழை நாளில் சட்டி வடைதான் முதலில் தீருகிறதாம், மற்ற நாளில் கல் வடைக்கும் ஆள் வருகிறதாம். வருகிற மார்கழியில் மொச்சையில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பருப்புப் பிதுக்க ஆள் இல்லையே என்றார். நானும் அண்ணியும் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்.